கெஜம், முழம், கை: கஃபன் துணிக்கு ஓர் அளவுப் பாடம்





நம் மலையில் ஒரே நாளில் நான்கு விதமான நீள அளவுகள் புழங்குகின்றன. பூக்காரம்மா முழம் போட்டுப் பூ விற்கிறார். ஜவுளிக் கடையில் மீட்டர். தையற்கடையில் அங்குலம். வீட்டுப் பெரியவர்கள் சேலையைக் கெஜத்தில் சொல்கிறார்கள். வேட்டிக்கு இன்றும் நாலு முழம், எட்டு முழம் என்றுதான் பேச்சு. தோட்டத்தில் காப்பிச் செடிக்குக் குழி வெட்டுகிறவர் அடிக் கணக்கில் கயிறு கட்டுகிறார். சாதாரண நாட்களில் இதனால் பெரிய சிரமம் இல்லை. துணி அரை முழம் குறைந்தால் மறுநாள் போய் வாங்கிக்கொள்ளலாம்.

ஜனாஸா வீட்டில் அப்படி இல்லை. மய்யித்தை விரைவாக அடக்கம் செய்வது நம் கடமை. அந்த நேரத்தில் துணி குறைந்துவிட்டால், இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேலத்துக்குப் போய் வர வேண்டும். சென்ற மழைக்காலத்தில் நமக்குத் தெரிந்த ஒரு வீட்டில் இது நடந்தது. காலமானவர் ஒரு மூதாட்டி. பெரியவர் ஒருவர் உர்தூ மஸ்அலா நூலைப் பார்த்துத் தமிழில் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். "லிஃபாஃபா, இஸாரைவிட 1 கை கூடுதல். தலைத்துணி 3 கை" என்று அதில் இருந்தது. அவர் எழுதியது சரிதான். துணி வாங்கப் போன தம்பி, கை என்றால் எவ்வளவு என்று கைப்பேசியில் தேடினார். ஒரு கை 4 அங்குலம் என்று விடை வந்தது. அதுவும் ஒரு வகையில் சரிதான். ஆனால் துணி குறைந்துவிட்டது. லுஹருக்குப் பின் என்று அறிவித்த ஜனாஸா தொழுகை மஃரிபுக்குப் பின் நடந்தது. வெளியூரிலிருந்து வந்த உறவினர் சிலர் அதற்குள் இறங்கிப் போய்விட்டார்கள்.

இருவர் மீதும் குற்றம் இல்லை. ஒரே சொல்லுக்கு இரண்டு அளவு இருந்ததுதான் காரணம். எனவே இந்த இதழில் கெஜம், முழம், கை ஆகியவற்றை ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாற்றும் முறையைப் பாடமாகவே எழுதுகிறோம். மதரஸா பிள்ளைகளும் படிக்கலாம்.

மூன்று "கை"கள்

முதலாவது, உர்தூவில் சொல்லும் "ஹாத்". சொல்லின் நேர்ப் பொருள் கை. அளவாக வரும்போது முழங்கை முனையிலிருந்து நடுவிரல் நுனி வரை. அதாவது நம் முழம். அரபியில் இதுவே "திராஉ". கணக்குக்கு 18 அங்குலம்.

இரண்டாவது, ஆங்கிலேயர் குதிரையின் உயரத்தை அளக்கும் "ஹேண்ட்". இது 4 அங்குலம். கட்டைவிரலையும் சேர்த்து உள்ளங்கையை வைத்தால் வரும் அகலம். 16ஆம் நூற்றாண்டில், எட்டாம் ஹென்றி மன்னர் காலத்தில், இங்கிலாந்தில் இதை 4 அங்குலம் என்று சட்டமாக்கினார்கள். இன்றும் குதிரை வளர்ப்பவர்களும் பந்தயக்காரர்களும் இதையே பயன்படுத்துகிறார்கள். கைப்பேசி தம்பிக்குச் சொன்னது இந்தக் கையைத்தான்.

மூன்றாவது, ஃபிக்ஹ் நூல்களில் வரும் "கப்ளா", அதாவது ஒரு பிடி. கட்டைவிரல் நீங்கலாக நான்கு விரல்களின் அகலம். ஆறு பிடி ஒரு முழம் என்பது கணக்கு. நான்கு விரல் ஒரு பிடி, ஆறு பிடி ஒரு முழம், ஆக 24 விரல் ஒரு முழம். முழத்தை 18 அங்குலமாகக் கொண்டால் ஒரு பிடி 3 அங்குலம்.

ஆகவே "கை" என்று எங்கே படித்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: இது எந்தக் கை? கஃபன், ஆடை, கப்ரு பற்றிய உர்தூ நூல் என்றால் 18 அங்குலம். குதிரையைப் பற்றிய பேச்சு என்றால் 4 அங்குலம். பிடி என்றோ கப்ளா என்றோ இருந்தால் 3 அங்குலம்.

கெஜம் எவ்வளவு?

கெஜம் என்ற சொல் பாரசீகத்தின் "கஸ்" என்பதிலிருந்து வந்தது. பழைய நாட்களில் அது எல்லா இடத்திலும் ஒன்றாக இருந்ததில்லை. அக்பர் காலத்து இலாஹி கெஜம் 41 விரற்கிடை. ஏறத்தாழ 33 அங்குலம். இன்று நாம் கெஜம் என்பது ஆங்கிலேயரின் யார்டு, 36 அங்குலம். 1959இல் ஆங்கிலம் பேசும் நாடுகள் கூடி ஒரு யார்டு 0.9144 மீட்டர் என்று தீர்மானித்தன. நம் நாட்டில் 1956ஆம் ஆண்டின் எடை, அளவைச் சட்டத்துக்குப் பின் கடைகளில் மீட்டர் வந்தது. கெஜம் கடையை விட்டுப் போனாலும் நம் வாயை விட்டுப் போகவில்லை.

ஒரு கெஜம் இரண்டு முழம் என்பதற்கு நம் வீட்டு அலமாரியே சாட்சி. ஒன்பது கெஜச் சேலையைப் பதினெட்டு முழச் சேலை என்றும் சொல்வார்கள். எட்டு முழ வேட்டி நான்கு கெஜம். நாலு முழ வேட்டி இரண்டு கெஜம். உடம்பை எண்சாண் என்கிறோம். ஒரு சாண் 9 அங்குலம். எட்டுச் சாண் 72 அங்குலம், அதாவது நான்கு முழம், இரண்டு கெஜம்.

மனதில் வைக்க வேண்டிய வாய்பாடு

1 கெஜம் = 36 அங்குலம் = 91.44 செ.மீ.
1 முழம் (ஹாத், திராஉ) = 18 அங்குலம் = 45.72 செ.மீ.
1 சாண் = 9 அங்குலம் = 22.86 செ.மீ.
1 குதிரைக் கை = 4 அங்குலம் = 10.16 செ.மீ.
1 பிடி (கப்ளா) = 3 அங்குலம் = 7.62 செ.மீ.
1 கிரஹ் = இரண்டே கால் அங்குலம் = ஏறத்தாழ 5.7 செ.மீ.

கிரஹ் என்பது உர்தூ தையல் கணக்கில் வருவது. 16 கிரஹ் ஒரு கெஜம். ஆகவே 8 கிரஹ் ஒரு முழம், 4 கிரஹ் ஒரு சாண்.

மாற்றும் முறை எளிது. கெஜத்தை முழமாக்க 2ஆல் பெருக்குங்கள். முழத்தைக் கெஜமாக்க 2ஆல் வகுங்கள். கெஜத்தைக் குதிரைக் கையாக்க 9ஆல் பெருக்குங்கள்; திருப்ப 9ஆல் வகுங்கள். கெஜத்தைப் பிடியாக்க 12ஆல் பெருக்குங்கள். குழப்பம் வந்தால் எல்லாவற்றையும் முதலில் அங்குலமாக்கிவிட்டு, பிறகு வேண்டிய அளவுக்குக் கொண்டுபோங்கள்.

கடையில் மனக்கணக்காகச் சொல்ல ஒரு வழி: 11 கெஜம், அதாவது 22 முழம், ஏறத்தாழ 10 மீட்டர். சரியான அளவு 10 மீட்டர் 6 செ.மீ.

குதிரைக் கையில் ஒரு புள்ளி

ஏற்காட்டுக்கும் குதிரைக்கும் பழைய தொடர்பு உண்டு. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காப்பியைக் கொண்டுவந்த காலத்தில் மோட்டார் சாலை ஏது? துரைமார் குதிரையிலும் டோலியிலும்தான் ஏறி வந்தார்கள். அந்தக் காலக் குறிப்புகளைப் படிக்கும் மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குதிரையின் உயரத்தை 14.2 கை என்று எழுதியிருந்தால் அது பதினாலே இரண்டு பத்தில் அல்ல. 14 கையும் 2 அங்குலமும். 14 × 4 = 56; அதோடு 2 சேர்த்தால் 58 அங்குலம். கெஜத்தில் 1 கெஜம் 22 அங்குலம். முழத்தில் மூன்றே கால் முழத்துக்குச் சற்றுக் குறைவு. புள்ளிக்குப் பின் 1, 2, 3 மட்டுமே வரும். 4 அங்குலம் ஆகிவிட்டால் அடுத்த கை.

கஃபன் கணக்கு

இனி நம் முக்கிய விஷயத்துக்கு வருவோம். ஹனஃபி மத்ஹபின்படி ஆணுக்கு மூன்று துணிகள் சுன்னத்: லிஃபாஃபா, இஸார், கமீஸ். பெண்ணுக்கு இவற்றோடு தலைத்துணியும் மார்புத்துணியும் சேர்ந்து ஐந்து. நூல்களில் சொல்லப்படும் அளவு இதுதான். இஸார் தலையிலிருந்து பாதம் வரை. லிஃபாஃபா அதைவிட ஒரு ஹாத், அதாவது ஒரு முழம் கூடுதல். இரு முனையையும் முடிந்து கட்டுவதற்காக. கமீஸ் கழுத்திலிருந்து பாதம் வரை, முன்னும் பின்னும் வருமாறு இரட்டிப்பு நீளம். கை வைத்துத் தைப்பதில்லை. தலைத்துணி மூன்று ஹாத், அதாவது ஒன்றரை கெஜம். மார்புத்துணி மார்பிலிருந்து தொடை வரை மறைத்து, சுற்றிக் கட்டும் அளவு.

ஓர் எடுத்துக்காட்டு. மய்யித் ஆண். உயரம் ஐந்தரை அடி, அதாவது 66 அங்குலம். கழுத்திலிருந்து பாதம் வரை 56 அங்குலம். துணியின் அகலம் ஒன்றரை கெஜம், 54 அங்குலம்.

லிஃபாஃபா: 66 + 18 = 84 அங்குலம்
இஸார்: 66 அங்குலம்
கமீஸ்: 56 × 2 = 112 அங்குலம்
மொத்தம்: 262 அங்குலம்

262ஐ 36ஆல் வகுத்தால் 7 கெஜம் 10 அங்குலம். 18ஆல் வகுத்தால் பதினாலரை முழத்துக்குச் சற்று அதிகம். முழுமையாக்கி 15 முழம், அதாவது ஏழரை கெஜம் என்று வையுங்கள். மீட்டரில் 6.86. கடையில் 7 மீட்டர் என்று கேளுங்கள். கமீஸுக்கு 54 அங்குல அகலமும் தேவைப்படாது. அதில் மிஞ்சும் நீளத் துண்டு முடிச்சுக் கட்டும் நாடாக்களுக்கு ஆகும்.

இங்கே கையை 4 அங்குலம் என்று கொண்டால் லிஃபாஃபா 84க்குப் பதில் 70 அங்குலம்தான். தலைமாட்டில் 2 அங்குலம், கால்மாட்டில் 2 அங்குலம் மிஞ்சும். முடிச்சுப் போட முடியாது.

அகலத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். கிடைப்பது ஒரு கெஜ அகலத் துணி மட்டும் என்றால் லிஃபாஃபாவுக்கும் இஸாருக்கும் இரண்டு அகலங்களை ஒட்டுப்போட வேண்டும். அப்போது 168 + 132 + 112 = 412 அங்குலம். அதாவது ஏறத்தாழ பதினொன்றரை கெஜம், 23 முழம், பத்தரை மீட்டர். அகலத்தைக் கேட்காமல் நீளத்தை மட்டும் சொல்லிவிட்டால் மூன்றரை மீட்டர் குறையும்.

பெண்ணுக்கு ஒரு கணக்கு. உயரம் 60 அங்குலம், கழுத்திலிருந்து பாதம் 51 அங்குலம், துணி அகலம் 54 அங்குலம். லிஃபாஃபா 78. இஸார் 60. கமீஸ் 102. மார்புத்துணி இரண்டு கெஜம், 72. தலைத்துணியின் நீளம் 54 அங்குலம், அகலம் 12 கிரஹ் அதாவது 27 அங்குலம். துணியின் அகலமே 54 என்பதால், சுருளிலிருந்து 27 அங்குலம் மட்டும் வெட்டிக் குறுக்காகத் திருப்பினால் தலைத்துணி கிடைத்துவிடும். மொத்தம் 339 அங்குலம். 19 முழம், ஒன்பதரை கெஜம், ஏறத்தாழ 8.7 மீட்டர். கடையில் 9 மீட்டர் போதும்.

சில மஹல்லாக்களில் லிஃபாஃபா இரண்டே முக்கால் கெஜம், இஸார் இரண்டரை கெஜம் என்று எல்லாருக்கும் ஒரே அளவாக எழுதி மாட்டியிருப்பார்கள். அவசரத்துக்கு அது உதவும். முழக் கணக்கில் ஐந்தரை, ஐந்து. ஆனால் உயரமானவருக்கும் குழந்தைக்கும் உடலை அளந்து கணக்கிடுவதே சரி. ஷாஃபிஈ மத்ஹபைச் சேர்ந்தவர்கள் ஆணுக்கு மூன்று போர்வைகளாக வைப்பார்கள். துணிகளின் பட்டியல் மாறும்; அளவை மாற்றும் முறை மாறாது. சட்ட விளக்கத்துக்கு அவரவர் ஹஜ்ரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

யாருடைய முழம்?

முழத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. பூக்காரம்மாவின் கையும் குழி வெட்டுபவரின் கையும் ஒன்றல்ல. ஒருவருக்கு 17 அங்குலம், இன்னொருவருக்கு 19 அங்குலம். பூவில் இது பெரிதில்லை. ஆனால் 15 முழத் துணியை 17 அங்குலக் கையால் அளந்தால் 255 அங்குலம்தான் வரும். 270 வர வேண்டும். 15 அங்குலம், கிட்டத்தட்ட ஒரு முழமே குறைந்துபோகும். மேலே சொன்ன ஆணின் கணக்குக்கு வேண்டியது 262. ஆக 7 அங்குலம் போதாது.

கெஜத்துக்கும் மீட்டருக்கும் இடையிலும் இதே ஆபத்து. ஏழரை மீட்டர் தேவைப்படும் இடத்தில் ஏழரை கெஜம் வாங்கினால் 64 செ.மீ. குறையும். அது ஒரு முழத்துக்கு மேல். ஒரு கெஜத்தில் எட்டரை செ.மீ. தானே என்று விடுவது, ஏழு எட்டு கெஜம் சேரும்போது தலைத்துணியில் பாதியாகிவிடுகிறது.

ஆகவே உடலை அளக்கக் கயிறோ நாடாவோ பயன்படுத்துங்கள். தையல் நாடா பொதுவாக 60 அங்குலம்தான். ஒருமுறை வைத்தால் முழு உயரம் வராது. ஒரு நூல் கயிற்றால் தலை முதல் பாதம் வரை அளந்து முடிச்சிட்டு, பிறகு கயிற்றை நாடாவில் வைத்துப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் அந்தக் கயிற்றையே கடைக்கு அனுப்பலாம். கயிற்றுக்கு மொழி கிடையாது.

கப்ருக் குழியும் அப்படியே. ஆழம் குறைந்தது ஆளுயரத்தில் பாதி. நெஞ்சளவு என்றால் இன்னும் நல்லது. நம் மலைச் சரிவில், மழையில் மண் கரையும் இடத்தில், ஆழம் அதிகமாக இருப்பதே பாதுகாப்பு. 66 அங்குல உயரமுள்ளவருக்குப் பாதி 33 அங்குலம். "இரண்டு முழம்" என்று சொன்னால் 36 அங்குலம், ஒரு கெஜம். வெட்டுகிறவரின் கை சிறியதாக இருந்தாலும் 33க்குக் குறையாது. ஒரு கெஜக் கோலைக் கையில் கொடுத்துவிட்டால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

பரப்புக்கு வேறு கணக்கு

பிள்ளைகள் வழக்கமாகத் தடுமாறும் ஓர் இடத்தையும் சொல்லிவிடுகிறோம். ஒரு கெஜம் இரண்டு முழம் என்றால் ஒரு சதுர கெஜம் எத்தனை சதுர முழம்? இரண்டு அல்ல, நான்கு. நீளத்திலும் இரண்டு, அகலத்திலும் இரண்டு. ஒரு ஏக்கர் 4,840 சதுர கெஜம். காப்பிச் செடியை 6 அடிக்கு 6 அடி இடைவெளியில் வைத்தால் ஒரு செடிக்கு இரண்டு கெஜத்துக்கு இரண்டு கெஜம், அதாவது 4 சதுர கெஜம். 4,840ஐ 4ஆல் வகுத்தால் ஏக்கருக்கு 1,210 செடி. தோட்ட வேலை தெரிந்த எந்தப் பெரியவரிடமும் இந்த எண்ணைக் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

பயிற்சி

1. இரண்டே முக்கால் கெஜம் எத்தனை முழம்?
2. எட்டு முழ வேட்டி எத்தனை மீட்டர்?
3. 13.3 கை உயரமுள்ள மட்டக் குதிரை எத்தனை அங்குலம்?
4. 4,000 முழம் ஒரு ஷரீஅத் மைல் என்றால் அது எத்தனை கெஜம்? 1,760 கெஜமுள்ள ஆங்கில மைலைவிட எவ்வளவு கூடுதல்?
5. ஐந்து அடி உயரமுள்ளவருக்கு லிஃபாஃபா எத்தனை அங்குலம்?

விடைகள்: 1. ஐந்தரை முழம். 2. 3.66 மீட்டர். 3. 55 அங்குலம். 4. 2,000 கெஜம்; 240 கெஜம் கூடுதல். 5. 60 + 18 = 78 அங்குலம்.

நம் வேண்டுகோள்

அளவில் குறைப்பவர்களைக் கண்டிப்பதற்கென்றே திருக்குர்ஆனில் அல்முதஃப்ஃபிஃபீன் என்ற அத்தியாயம் இருக்கிறது. வேண்டுமென்றே குறைப்பது பாவம். அறியாமல் குறைவது பாவமில்லை என்றாலும், அறிந்துகொள்ள வழி இருக்கும்போது அறியாமலே இருந்துவிடுவது நல்லதல்ல.

எனவே மூன்று காரியங்களைக் கேட்டுக்கொள்கிறோம். ஒன்று, மேலே உள்ள வாய்பாட்டைப் பெரிய எழுத்தில் எழுதி, பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையிலும் ஜனாஸா சாமான்கள் வைக்கும் அறையிலும் மாட்டுங்கள். இரண்டு, கஃபன் சீட்டு எழுதும்போது "கை" என்ற சொல்லை விட்டுவிட்டு "முழம்" என்று எழுதி, பக்கத்திலேயே அங்குலத்தையும் மீட்டரையும் குறியுங்கள். துணியின் அகலத்தையும் மறக்க வேண்டாம். மூன்று, ஒவ்வொரு வீட்டிலும் உங்கள் முழத்தை ஒருமுறை நாடாவில் வைத்துப் பாருங்கள். 18க்கு எவ்வளவு கூட, எவ்வளவு குறைய என்று தெரிந்தால் போதும். வாழ்நாள் முழுதும் அளவுகோல் உங்களோடு இருக்கும்.

நமது அறக்கட்டளையில் கஃபன் துணி ஆணுக்கு 7 மீட்டர், பெண்ணுக்கு 9 மீட்டர் என, ஒன்றரை கெஜ அகலத்தில் வெட்டி, மேலே அளவு எழுதிய பைகளில் வைக்க ஏற்பாடு செய்து வருகிறோம். இன்ஷா அல்லாஹ், இனி மலை மேல் எந்த வீட்டிலும் ஒரு முழத் துணிக்காக மய்யித் காத்திருக்கக் கூடாது. அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்ல முடிவைத் தருவானாக. ஆமீன்.